நாலாவது கதையில் வர்ற தங்கச்சி

சன்னலோரம் நீயே உக்காந்துக்க தாயி. எனக்கு எங்கிட்டு உக்காந்தாலும் ஒண்ணுதான். பை காலடியிலயே இருக்கட்டும், மேல தூக்கி வைக்க வேணாம். திருமங்கலத்துல இறங்கிருவேன்.

கையில என்ன, கழுகுமலை தயாளன் புஸ்தகமா? அட்டையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ‘பகல் கொலைகள்’. எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு. இப்ப எத்தனாவது கதையில இருக்க? மூணாவதா? நகைக்கடைக்காரர் கதை. அதுல அந்த வாட்ச்மேன்தான் கொன்னது. அடடே, சொல்லிட்டேனே. கோவிச்சுக்காத தாயி. எங்க வீட்டுக்காரவுக இப்படித்தான், முடிவச் சொல்லிட்டுத்தான் கதையவே ஆரம்பிப்பாக. கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் புத்தி வந்துருச்சு.

அப்ப நாலாவத நீ இன்னும் படிக்கல. ‘காய்ந்த துணி’ன்னு பேரு. அந்தக் கதைய நான் சொல்லல, நீயே படிச்சுக்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். அதுல ஒரு தங்கச்சி வருவா. மஞ்சுளான்னு பேரு போட்டிருக்காரு. அவளுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்னு கடைசியில எழுதியிருக்கும். அது பொய்யி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அத மனசுல வச்சுக்கிட்டுப் படி.

எனக்கு எப்படித் தெரியுமா? அந்தத் தங்கச்சி நான்தான்.

ஏன் நகந்து உக்கார்ற? நான் நல்லாத்தான் இருக்கேன். இந்த ரயில்ல நான் பாட்டுக்கு வந்துருப்பேன், நீ அந்தப் புஸ்தகத்த விரிச்சிருந்ததாலதான் வாயத் திறந்தேன்.

எம் பேரு ஆவுடைத்தங்கம். பொறந்தது சங்கரன்கோயில். நாங்க ரெண்டு பொம்பளப் பிள்ளைக. மூத்தவ கோமதி, எளையவ நான். அக்கா நல்ல நெட்டை, சிரிச்சா தெருமுனை வரைக்கும் கேக்கும். அவள தெய்வநாயகம் அத்தானுக்குக் கட்டிக் குடுத்தாக. பக்கத்து ஊருதான், பெயிண்டு கடை. நல்ல ஏவாரம். அத்தானும் நல்ல மாதிரி. குடி கிடையாது, சீட்டு கிடையாது. படிக்கிறது ஒண்ணுதான் பழக்கம், அதுவும் துப்பறியும் கதைதான். மாசா மாசம் வர்ற சின்ன நாவல் ஒண்ணு விடமாட்டாக. கடையில கல்லாப் பெட்டிக்குப் பக்கத்துல அடுக்கி வச்சிருப்பாக.

லீவு விட்டா நான் அக்கா வீட்டுக்குப் போயிருவேன். எனக்கு அங்க போறதுன்னா அம்புட்டு இஷ்டம். அத்தான் அக்காவுக்கு ஒரு முழம் பூ வாங்கினா எனக்கும் ஒரு முழம் வாங்குவாக. அல்வா வாங்கினா ரெண்டு பொட்டலம். சினிமாவுக்குப் போகணும்னா அக்கா பிள்ளைய வச்சுக்கிட்டு வீட்ல இருந்துக்கிருவா, நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வருவோம். கொழுந்தியான்னா அப்படித்தான தாயி? எந்த ஊர்ல இல்ல?

அந்தச் சித்திரையில நான் போயிருந்தப்ப அக்கா மட்டும் ஒரு மாதிரி இருந்தா. சோறு போடும்போது, “ஆவுடை, நீ ஊருக்குப் போயேன்டி”ன்னா. “லீவு முடியலயேக்கா”ன்னேன். “முடியாட்டி என்ன, போயேன்”னா. நான் அத்தான்கிட்டச் சொன்னேன், அக்கா என்னைய விரட்டுதான்னு. அவுக சிரிச்சுக்கிட்டே, “உங்க அக்காவுக்கு வெயில் தலைக்கேறிருச்சு”ன்னாக. அதுக்குப் பெறகு அக்கா ஒண்ணும் சொல்லல.

அதே வாரத்துலதான் விழுந்தா.

மத்தியானம். மொட்டை மாடியில அப்ப கைப்பிடிச் சுவர் கட்டல. மேல ஒரு ரூம்பு எடுக்கணும்னு செங்கல் இறக்கி வச்சிருந்தாக. நேரா கீழ துவைக்கிற கல்லு. துணி காயப்போடப் போனா, கால் வழுக்கி விழுந்துட்டான்னு அத்தான் சொன்னாக. நான் உள்ள சங்கரியத் தட்டிக்கிட்டுப் படுத்திருந்தேன். சங்கரின்னா அக்கா பிள்ளை, அப்ப ரெண்டு வயசு. போலீஸ்காரர் வந்து, “பாத்தியாம்மா?”ன்னு கேட்டாரு. “பாக்கல, படுத்திருந்தேன்”னேன். எங்க அப்பா பக்கத்துல நின்னு, “சின்னப் பிள்ளை சார், தூங்கியிருக்கா”ன்னாக. அதோட எழுதிட்டுப் போயிட்டாரு.

பதினாறாம் நாள் முடிஞ்சதும் அப்பா என்னையத் தனியாக் கூப்பிட்டு, “பிள்ளைய யாரோ ஒருத்தி கையில குடுக்க முடியுமா? நீயே போயிரு”ன்னாக. என்னைய யாரும் கேக்கல. கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். பிள்ளை என் இடுப்ப விட்டு இறங்கமாட்டேங்குது. அத்தான நினைச்சாலும் பாவமா இருந்துச்சு, எளச்சு முகமே கறுத்துப்போயிருந்தாக. கோயில்ல வச்சுத் தாலி கட்டினாக. மேளம் வைக்கல. அப்பறம் எனக்குன்னு ஒரு பிள்ளை வேணும்னு கேட்டப்ப, “சங்கரி இருக்கும்போது இன்னொண்ணு எதுக்கு”ன்னுட்டாக. நாயமான பேச்சுதான். சங்கரியும் என்னைய அம்மான்னுதான் கூப்பிட்டா. சித்தின்னு சொல்லுன்னு சொந்தக்காரவுக எம்புட்டோ சொல்லிப் பாத்தாக. கேக்கல.

இருபத்தாறு வருசம் ஓடிப்போச்சு. ஒரு சண்டை கிடையாது. கேட்டுப் பாரு எங்க தெருவுல, தெய்வநாயகம் வீட்ல சத்தம் கேட்டிருக்கான்னு. கேட்டிருக்காது.

சரி, புஸ்தகத்துக்கு வர்றேன். போன தடவை அத்தான் மதுரை புத்தகத் திருவிழாவுக்குப் போயி அத வாங்கிட்டு வந்தாக. தயாளன் எழுதினதுல நாவலா வந்ததெல்லாம் படிச்சிருக்காக, சின்னக் கதைக படிச்சதில்ல. ரொம்ப சந்தோசம். மத்தியானம் சாப்பிட வரும்போது கையோட கொண்டுவருவாக. கடையில படிச்ச கதைய இலையில உக்காந்து எனக்குச் சொல்லுவாக. மொத நாள் டாக்டர் கதை. அடுத்த நாள் ரெட்டைப் பிள்ளைக கதை. அப்பறம் இந்த நகைக்கடை. கையக் காட்டி, கண்ண உருட்டி, “யாரு கொன்னதுன்னு நெனக்கிற? அந்த வாட்ச்மேன்!”ன்னு அவுக சொல்றதக் கேட்டா நீ சிரிச்சிருவ.

மறுநாள் வந்தாக. உக்காந்தாக. கதை இல்ல.

“ஏன் அத்தான், இன்னைக்கு ஒண்ணும் சொல்லலயா?”ன்னேன்.

“இன்னைக்கு உள்ளது நல்லால்ல.”

“நல்லால்லாட்டியும் சொல்லுங்களேன்.”

“நல்லால்லன்னு சொல்றேன்ல.”

மோர்ச் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாக. பெசஞ்ச சோறு அப்படியே இருந்துச்சு, எந்திரிச்சுக் கையக் கழுவிட்டுப் போயிட்டாக. அதுக்கு அடுத்த நாளும் கதை இல்ல. அஞ்சாவது கதை என்ன ஆச்சுன்னு கேட்டேன், “கண்ணு வலிக்குது, படிக்கல”ன்னாக. வேற புஸ்தகம் படிச்சாக. இந்தப் புஸ்தகத்த மட்டும் காணல. ஒரு வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது பாக்குறேன், பாய் சுருட்டி வைக்கிற எடத்துல, அடிப் பாய்க்கும் கீழ இருந்துச்சு. கண்ணு வலிச்சா பாய்க்கு அடியில எதுக்கு வைக்கணும்? மறந்து வச்சிருப்பாக.

எனக்குப் படிக்கிற பழக்கம் கிடையாது. சரி, நல்லால்லாத கதை எப்படித்தான் இருக்கும்னு நாலாவத எடுத்துப் படிச்சேன். அடுப்புல பருப்பு கெடந்துச்சு. படிச்சு முடிக்கும்போது பருப்பு தீஞ்சு புகை வந்துக்கிட்டு இருக்கு. எந்திரிச்சு அடுப்ப அணைக்கணும்னு தெரியுது, ஆனா எந்திரிக்கல. புகையப் பாத்துக்கிட்டே இருந்தேன். அடுத்த வீட்டு அம்மா வந்து கதவத் தட்டின பெறகுதான் எந்திரிச்சேன்.

சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன், இருந்தாலும் சொல்லிருறேன். திருச்சியில ஒரு ஜவுளிக்கடைக்காரன். வாசுதேவன்னு பேரு. பொண்டாட்டி மாடியில இருந்து விழுந்து செத்துப் போறா. துணி காயப்போடப் போனான்னு எல்லாருஞ் சொல்றாக. ஒரு இன்ஸ்பெக்டர் மட்டும் கீழ சிதறிக் கெடந்த துணியத் தொட்டுப் பாக்குறாரு. காஞ்ச துணி. மடிப்பு கூடக் கலையல. காயப்போடக் கொண்டுபோன துணி எப்படி மடிச்சிருக்கும்? பீரோவுல இருந்து எடுத்து யாரோ மேல இருந்து போட்டிருக்கான். யாரு போட்டது? புருசன்தான். எதுக்குன்னா, பொண்டாட்டியோட தங்கச்சியக் கட்டிக்கிடணும். கடைசியில அவனக் கூட்டிட்டுப் போறாக. அந்தத் தங்கச்சி மஞ்சுளா வாசல்ல நின்னு, எல்லாம் தெரிஞ்சவ மாதிரி லேசாச் சிரிச்சான்னு கதை முடியும்.

நான் சிரிக்கல தாயி. நான் எங்க சிரிச்சேன்?

அவரு எழுதினதுல பாதி தப்பு. மாடி வீடுன்னு மூணு மாடி போட்டிருக்காரு, எங்களது ஒரு மொட்டை மாடிதான். மழை பெஞ்சுச்சுன்னு எழுதியிருக்காரு, பொட்டு மழை கிடையாது. பொண்டாட்டி நீலச் சேலை கட்டியிருந்தாளாம். அக்கா கட்டியிருந்தது வாடாமல்லிக் கலர். தங்கச்சி பேரழகின்னு வேற. என்னையப் பாரேன், நான் எந்தக் காலத்துல பேரழகி?

துணி மட்டும் சரி.

ஆமா, காஞ்ச துணிதான் கெடந்துச்சு. அக்காவத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடின பெறகு நான்தான பொறுக்கினேன். அத்தானோட வேட்டி, சங்கரியோட ரெண்டு கவுனு, அக்காவோட உள்பாவாடை. பொறுக்கி, மண்ணத் தட்டி, பீரோவுல வச்சேன். அதுல என்ன இருக்கு? சித்திரை வெயிலு. ஈரத் துணி தரையில விழுந்தா அஞ்சு நிமிசத்துல காஞ்சிராதா? மடிப்பா? அக்கா துணிய மடிச்சு வச்சுத்தான் பிழிவா. அவ பழக்கம் அது. அது அந்த இன்ஸ்பெக்டருக்குத் தெரியல.

டீ குடிக்கிறியா தாயி? வேணாமா? எனக்கும் வேணாம். குடிச்சாலும் ருசி தெரியல இப்பெல்லாம். குழம்புல உப்புப் போட்டேனா இல்லையான்னு அத்தான்கிட்டத்தான் கேக்குறேன். அவுகளும் ‘இருக்கு இருக்கு’ன்னுதான் சொல்றாக, இருக்கோ இல்லையோ.

படிச்ச பெறகு எனக்கு ஒண்ணுதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அந்தத் தங்கச்சி. நடந்து போனா, நாலு பேரு பாத்தா, இவுகளும் படிச்சிருப்பாகளோன்னு இருக்கும். கோயில்ல அய்யர் திருநூறு குடுக்கும்போது முகத்தப் பாத்தாருன்னா, இவரு படிச்சிட்டாரோன்னு தோணும். அதனால எழுதினவரப் போயிப் பாத்துருவோம்னு முடிவு பண்ணேன். புஸ்தகத்துல பின்னால கோவில்பட்டி விலாசம் இருந்துச்சு. சங்கரன்கோயில் போயிச் சாமி கும்பிட்டுட்டு வர்றேன்னு அத்தான்கிட்டச் சொல்லிட்டுப் பஸ் ஏறினேன். என் வாழ்க்கையில அவுககிட்டச் சொன்ன மொதப் பொய்யி அதுதான்.

சின்ன வீடுதான் அவருக்கு. கம்பி போட்ட வராந்தா. இம்புட்டுக் கொலை எழுதினவரு எப்படி இருப்பாரோன்னு போனா, முட்டிவலித் தைலம் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. வயசாயிருச்சு. அவரு சம்சாரம் கதவத் திறந்து, “உக்காருங்கம்மா, காப்பி போடுறேன்”னு உள்ள போனாங்க.

“கையெழுத்து வேணுமாம்மா?”ன்னாரு, புஸ்தகத்தப் பாத்துட்டு.

“இல்லங்க. நாலாவது கதையில ஒரு திருத்தம்.”

“அச்சுப்பிழையா? நிறைய இருக்குன்னு சொன்னாங்க.”

“அந்தத் தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தெரிஞ்சவ மாதிரி சிரிச்சான்னு போட்டிருக்கீங்க. அத எடுத்துருங்க.”

அவரு சிரிச்சாரு. “அம்மா, அந்தக் கடைசி வரிக்குத்தான் எனக்கு அம்புட்டு லெட்டர் வந்துச்சு. அத எடுத்தா கதையில என்ன இருக்கு? ஆமா, அவளுக்குத் தெரியாதுன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?”

“நான்தாங்க அது.”

தைலப் புட்டியக் கீழ வச்சாரு. மூடக்கூட இல்ல. எந்த ஊருன்னு கேட்டாரு, சொன்னேன். வீட்டுக்காரரு என்ன தொழில்னு கேட்டாரு, சொன்னேன். அப்பறம் மெதுவாச் சொன்னாரு. ரயில்ல யாரோ ஒருத்தர் ஒரு தடவை ரெண்டே வரி சொன்னாராம், எங்க ஊர்ல ஒருத்தி மாடியில இருந்து விழுந்தா, புருசன் அவ தங்கச்சியக் கட்டிக்கிட்டான்னு. ஊர்கூட ஞாபகம் இல்லையாம். பத்திரிகையில அவசரமாக் கதை கேட்டாங்களாம், இத வச்சு எழுதிட்டாராம்.

“மத்ததெல்லாம் என் கற்பனைம்மா. சாமி சத்தியமா உங்க குடும்பத்த எனக்குத் தெரியாது.”

“அந்தக் காஞ்ச துணி?”

“அதுவும் கற்பனைதான். துப்பறியும் கதைன்னா ஒரு தடயம் வேணும்ல? யோசிச்சேன், தோணுச்சு.”

நான் சரின்னேன். காப்பி வந்துச்சு, குடிச்சேன்.

அவரு விடல. “அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? தங்கச்சியப் பத்தி எழுதினது தப்புன்னு இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க. புருசன் கொன்னான்னு எழுதியிருக்கேனே, அதத் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலயே?”

“அது உங்க கதைங்க. அதுல நான் என்ன சொல்றது? எனக்கு அந்தத் தங்கச்சி வரி மட்டும்தான்.”

கதவுக்கிட்ட நின்னுக்கிட்டு இருந்த அவரு சம்சாரம் சட்டுன்னு வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. எதுக்குப் பிடிச்சாங்கன்னு தெரியல. “கை ஜில்லுன்னு இருக்கேம்மா”ன்னாங்க. கத்திரி வெயில்ல நடந்து வந்திருக்கேன், ஜில்லுன்னு எப்படி இருக்கும்?

“அந்தக் கதையையே எடுத்துடுறேம்மா”ன்னாரு அவரு. “அடுத்த பதிப்புல அது இருக்காது.”

“கதைய எடுக்க வேணாங்க”ன்னேன். “அது பாட்டுக்கு இருக்கட்டும். அந்த ஒரு வரி போதும்.”

வாசல் வரைக்கும் ரெண்டு பேரும் வந்தாங்க. திரும்பிப் பாக்கும்போதும் அங்கயேதான் நின்னாங்க. நல்ல மனுசங்க. மாத்தியிருப்பாரான்னு தெரியல. நீ வச்சிருக்கது பழைய பதிப்பா, புதுசான்னும் எனக்குத் தெரியல. கேக்கவும் தோணல.

சங்கரி விசயத்துக்கு வர்றேன். சங்கரியத் திருமங்கலத்துல குடுத்திருக்கு. நல்ல பையன், காலேஜுல வேலை. கல்யாணம் ஆகி நாலு வருசம் கழிச்சு இப்பத்தான் உண்டாயிருக்கா. வளைகாப்பு முடிச்சு வீட்டுக்குக் கூட்டியாந்தோம். பிள்ளைத்தாச்சி, பகல்ல தரையில பாய் போட்டுப் படுத்தாத்தான் இடுப்புக்கு நல்லாருக்குன்னு பாய உருவியிருக்கா. புஸ்தகம் கையில வந்துருச்சு. நான் படிச்ச பெறகு எடுத்த எடத்துலயேதான வச்சேன்.

நான் கத்திரிக்கா நறுக்கிக்கிட்டு இருக்கேன். அவ படுத்துக்கிட்டே படிக்கிறா. பக்கம் திருப்புற சத்தம் நின்னுபோச்சு. தூங்கிட்டான்னு எட்டிப் பாத்தா, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. உத்தரத்தப் பாத்துக்கிட்டு இருக்கா. ரெண்டு கையும் வயித்து மேல இருக்கு.

அன்னைக்குச் சாப்பிடும்போது கேட்டா. “அப்பா, எங்க அம்மா எப்படிப்பா விழுந்தாக?”

“துணி காயப்போடப் போனா. கால் வழுக்கிருச்சு”ன்னாக அத்தான்.

“ஈரத் துணியா?”

அவுக தண்ணி குடிச்சாக. சங்கரி என் பக்கம் திரும்புனா. “அம்மா, நீ சொல்லு. நீ வீட்லதான இருந்த?”

“அதான் அப்பா சொல்றாகளே”ன்னேன்.

காலையில எந்திரிச்சு, பிரசவத்த அங்கயே பாத்துக்கிறேன்னு கெளம்பிட்டா. மாப்பிள்ளை கார் பிடிச்சு வந்து கூட்டிட்டுப் போனாரு. நான் பண்ணி வச்ச லேகியத்தக்கூட எடுக்கல. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல் மட்டும் கலகலன்னு சத்தம் போட்டுக்கிட்டே போச்சு. அத்தான் கடைக்குப் போயிட்டாக. சாயந்தரம் வந்து, “புள்ள போயிருச்சா?”ன்னாக. “போயிட்டா”ன்னேன். டிவியப் போட்டு உக்காந்துட்டாக.

முந்தாநாள் போன் பண்ணுனா. எப்பவும் போனை எடுத்ததும் “அம்மோய்”னு ஒரு ராகம் போடுவா. அன்னைக்கு ஒண்ணும் கூப்பிடல. நேரா கேட்டா. “அன்னைக்கு உனக்கு என்ன கேட்டுச்சு?”

பாத்தியா தாயி, இத்தன வருசத்துல என்னைய இந்தக் கேள்விய யாருமே கேக்கல. போலீஸ்காரரு பாத்தியான்னு கேட்டாரு. அப்பா தூங்கிட்டான்னாக. என்ன கேட்டுச்சுன்னு கேட்டது எம் பிள்ளைதான். கேட்டா சொல்லணும்ல? சொன்னேன்.

அக்கா குரல் கேட்டுச்சு. மேல யார்கிட்டயோ பேசுன மாதிரி. என்ன பேசுனான்னு தெரியல, என் பேரு மட்டும் காதுல விழுந்துச்சு. அப்பறம் தொப்புன்னு ஒரு சத்தம். அக்கா வாளியப் போட்டுட்டான்னு நெனச்சேன். அதுக்குப் பெறகு படியில யாரோ இறங்கி வந்தாக. வெறுங்காலு. வேகமா இல்ல, மெதுவாத்தான். வாளிய எடுக்க அக்காதான் இறங்கி வர்றான்னு நெனச்சேன். பீரோ திறந்துச்சு. மறுபடியும் படி ஏறுற சத்தம். மறுபடியும் இறங்குற சத்தம். அப்பறம் வாசக்கதவு கொண்டி. நான் சங்கரியத் தட்டிக்கிட்டுக் கண்ண மூடித்தான் படுத்திருந்தேன். தூக்கம்னுதான் சொல்லணும். கொஞ்ச நேரங் கழிச்சு அத்தான் கடையில இருந்து வந்து, ‘ஐயோ கோமதி’ன்னு கத்துன பெறகுதான் நான் எந்திரிச்சது.

இதத்தான் சொன்னேன். சோறு வெந்துருச்சுன்னு சொல்ற மாதிரிதான் சொன்னேன். போன் கட்டாயிருச்சோன்னு, “சங்கரி, சங்கரி”ன்னு கூப்பிட்டேன்.

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”ன்னா.

“யாரும் கேக்கலயேத்தா.”

“அந்த ஆளு கூட இத்தன வருசம்...” மாப்பிள்ளை போனை வாங்கி, அவருக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்காரு, நான் வந்து அவருகிட்ட இத அப்படியே சொல்லணும்னாரு. எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். சொல்றதுக்கென்ன, வர்றேன்னேன். எனக்கு யோசனை என்னன்னா, அந்த வக்கீலு ‘பகல் கொலைகள்’ படிச்சிருந்தாருன்னா? இந்தத் தங்கச்சியும் கூட்டுத்தான்னு நெனச்சிரக் கூடாதுல்ல? அத மொதல்ல சொல்லிட்டுத்தான் மத்தத ஆரம்பிக்கணும்.

அத்தான்கிட்டச் சொல்லாமயெல்லாம் வரல. “சங்கரி கூப்பிட்டா, போறேன்”னேன்.

“என்ன கேட்டா?”

“அன்னைக்கு என்ன கேட்டுச்சுன்னு கேட்டா. சொன்னேன்.”

சட்டைப் பொத்தான் போட்டுக்கிட்டு இருந்தவுக அப்படியே நின்னாக. என்ன கேட்டுச்சுன்னு அவுக என்கிட்டக் கேக்கல பாரு. நான்கூடக் கேப்பாகன்னு நெனச்சேன். பொத்தானப் போட்டு முடிச்சுட்டு, “எப்ப வருவ?”ன்னாக. “தெரியல”ன்னேன். பையத் தூக்கிட்டு ஆட்டோ வரைக்கும் வந்தாக. டிரைவர்கிட்ட, “மெதுவாப் போப்பா”ன்னாக. அம்புட்டுத்தான். மத்தியானத்துக்குச் சோறு ஆக்கி வச்சிருக்கேன். ராத்திரிக்கு என்ன செய்வாகளோ, தோசை மாவு இருக்கு, ஆனா அவுகளுக்கு ஊத்தத் தெரியாது.

நீ ஏன் தாயி அழுவுற? விருதுநகர்ல இருந்தே மூக்க உறிஞ்சிக்கிட்டு வர்ற. என்னையப் பாரு, எனக்கு அழுகையே வரல. வந்தா நல்லதுன்னு எங்க தெரு நர்சம்மா சொல்லுது. வரமாட்டேங்குது, நான் என்ன பண்ண?

இந்தா, திருமங்கலம் வந்துருச்சு. பைய இப்படித் தள்ளு. அந்தா நிக்கிறா பாரு, பச்சைச் சுடிதாரு. ஸ்டேஷனுக்கு வர வேணாம்னு சொன்னேன். மாசமான வயித்தத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறா. அக்கா மாதிரியே நெட்டை. மாப்பிள்ளை பின்னால வர்றாரு. பெட்டி பெட்டியாப் பாத்துக்கிட்டே வர்றா. பாத்துட்டா. என்னமோ சொல்றா, இந்தச் சத்தத்துல கேக்கல. உனக்குக் கேட்டுச்சா தாயி? என்ன சொன்னா?

“சித்தி, பாத்து இறங்குங்க”ன்னா?

சரியாத்தான் கேட்டியா? சித்தின்னா?

முறை அதுதான். அக்கா பிள்ளைக்கு நான் சித்திதான. ‘நீ, வா, போ’ன்னு பேசிக்கிட்டு இருந்தவ, ‘இறங்குங்க’ன்னு எம்புட்டு மரியாதையாச் சொல்றா பாரு. பிள்ளைய நல்லாத்தான் வளத்திருக்கேன்.

ஓடியாராத சங்கரி, அங்கயே நில்லு. இறங்கிட்டேன்.